காடில்லாத ஊரின் காவலர்களுக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் காவல் நிலையங்களில் பணியாற்றும் உதவி ஆய்வாளர்களுக்கும் தலைமைக் காவலர்களுக்கும்,

வன உயிர்களைப் பற்றிய இந்த மடலை வனத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நம் பக்கம் காடு கிடையாது. விருதுநகர் மாவட்டத்துக் காடெல்லாம் மேற்குக் கோடியில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம் உண்டு. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம் ஆனது. வேட்டைத் தடுப்புக் காவலர், சோதனைச் சாவடி, ரோந்து எல்லாம் அந்தப் பக்கம்தான். கிழக்கே பந்தல்குடி, பரளச்சி, திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று வந்தால் கரிசலும் கண்மாயும் குண்டாற்றுப் படுகையும் சீமைக்கருவேலமும்தான். இத்தனை ஊருக்கும் சேர்த்து இருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய வனப் பணியாளர்களால் எங்கே போய் நிற்க முடியும்? ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டால் வண்டி எடுத்து வரக்கூடிய அரசு அலுவலகம் நமக்குக் காவல் நிலையம் ஒன்றுதான்.

காடு இல்லையென்றால் உயிர்களும் இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் புஞ்சைகளில் முயல் உண்டு, கவுதாரி உண்டு, உடும்பும் கீரியும் உண்டு. ஓடைக்கரைப் புதர்களில் அழுங்கு இன்னும் மிச்சமிருக்கிறது. கருவேலத் தோப்புகளில் பன்றியும் புள்ளிமானும் பெருகியிருக்கின்றன. மயிலைச் சொல்லவே வேண்டாம். கண்மாய் பெருகிய வருஷம் கொக்கும் நாரையும் மடையானும் நாட்டுக் கருவேல மரங்களில் அடைகின்றன. குண்டாற்றின் கீழ்ப்பக்கம், முதுகுளத்தூர் வட்டாரத்தில் இருக்கும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989இல் பறவைகள் சரணாலயம் ஆயின. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தன. அங்கே பறவைகளைக் காக்க அறிவிப்பும் பலகையும் இருக்கின்றன. அதே இனப் பறவைகள் எங்கள் கண்மாயில் இறங்கினால் அவற்றுக்குக் காவல் நீங்கள்தான்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். வனத்துறை அதிகாரிக்குக் கொடுக்கும் அதிகாரத்தை, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத எந்தக் காவல்துறை அதிகாரிக்கும் அது கொடுக்கிறது. குற்றம் நடந்திருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் வண்டியை நிறுத்தலாம், பையைத் திறந்து பார்க்கலாம், இடத்தைச் சோதனையிடலாம், பொருளைக் கைப்பற்றலாம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். வேட்டை என்று அந்தச் சட்டம் சொல்வது கொல்வதை மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, அதற்கெல்லாம் முயன்று பார்ப்பது, பறவைக் கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே வேட்டைதான். இதெல்லாம் காப்புக்காட்டுக்குள் நடந்தால்தான் குற்றம் என்று எங்கும் சொல்லவில்லை. பட்டா நிலமானாலும் கண்மாய்ப் புறம்போக்கானாலும் நால்வழிச் சாலையானாலும் சட்டம் ஒன்றுதான். "அது ஃபாரஸ்ட் சமாச்சாரம்" என்று தகவல் சொன்னவரைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

நம் வட்டாரத்தில் வேட்டை எப்படி நடக்கிறது என்பது உள்ளூர்ப் பிறப்பான காவலர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தையில் அறுப்பு முடிந்து மாசியில் புஞ்சை வெறுமையாகக் கிடக்கும்போது லைட் வேட்டை சூடு பிடிக்கும். ஒரு பைக்கில் மூன்று பேர். ஒருவர் ஓட்ட, ஒருவர் தலையில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு வரப்போரம் வெளிச்சத்தை ஓடவிடுவார். முயலின் கண்ணில் அந்த வெளிச்சம் விழுந்ததும் அது ஓடாது, அப்படியே உட்கார்ந்துவிடும். மூன்றாவது ஆள் கம்போடு இறங்குவார், அல்லது நாயை அவிழ்த்துவிடுவார். சிப்பிப்பாறை நாய்க்குப் பெயர் கொடுத்த ஊரே நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்பது நம் ஊர்ப் பெருமைகளில் ஒன்று, அதை யாரும் குறைசொல்ல வேண்டாம். நாயை வளர்ப்பது குற்றமில்லை, அதை முயல் மேல் ஏவுவதுதான் குற்றம் என்பதை மட்டும் இளவட்டங்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்று ஊரே கிளம்புகிற வழக்கம் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. அதையும் தடியோடு போய் நிறுத்த வேண்டியதில்லை. சாமி கும்பிடுக்கு முந்தின வாரம் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினாலே பாதி அடங்கும். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு நரியைப் பிடித்து ஓடவிடும் வழக்கத்தின் மேல் வனத்துறை வழக்குப் போட்டு அபராதம் விதித்துவருகிறது. ஆனாலும் முன்கூட்டிப் பேசுவதால் வருகிற பலன் அபராதத்தால் வருமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கவுதாரி பிடிப்பது வேறு வேலை, பொறுமையான வேலை. பழக்கிய கவுதாரி ஒன்றைச் சிறு கூண்டில் வைத்துத் துணி போட்டு மூடி விடியலில் புஞ்சைக்குக் கொண்டுபோவார்கள். புதரோரம் கூண்டை வைத்துச் சுற்றிலும் தங்கூசி நரம்பில் சுருக்குப் போட்ட கண்ணிகளைக் குச்சியில் கட்டி நட்டுவைப்பார்கள். துணியை எடுத்ததும் உள்ளே இருப்பது கூவும். தன் எல்லைக்குள் வேறொன்று வந்து கூவுகிறதே என்று சுற்று வட்டாரத்துக் கவுதாரி சண்டைக்கு ஓடிவந்து சுருக்கில் காலைக் கொடுக்கும். வெயில் ஏறுமுன் அந்தப் புஞ்சையில் கூவுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கையில் கவுதாரிக் கூண்டோடு விடிகாலையில் போகிறவரை நீங்கள் நிறுத்திக் கேட்டால் "வளக்குறேன் சார்" என்பார். வளர்ப்பதற்கும் அனுமதி கிடையாது. வேட்டைப் பொருளை வைத்திருந்தவர்தான், அது தன்னிடம் சட்டப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது.

இனி இந்த மடலின் மையத்துக்கு வருகிறேன். முயல் பிடித்தவர், கவுதாரி பிடித்தவர் என்று செய்தித்தாளில் வரும் படங்களைப் பாருங்கள். லுங்கி கட்டிய ஒரு கூலித் தொழிலாளி, கையில் செத்த முயலைக் கொடுத்து நிற்கவைத்திருப்பார்கள், பக்கத்தில் சீருடை. அபராதம் கட்டியதோடு கதை முடியும். அந்த முயலை வாங்க இருந்தவர் யார்? எந்தக் கடைக்குப் போக இருந்தது? எத்தனை நாளாகப் போகிறது? இந்தக் கேள்விகளுக்கான விடையை நான் எந்தச் செய்தியிலும் பார்த்ததில்லை. எய்தவன் இருக்க அம்பை நோகிற வழக்கம்தான் வன உயிர்க் குற்றங்களில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. கண்மாய் பெருகும் காலத்தில் கொக்கும் மடையானும் எந்தச் சாப்பாட்டுக் கடையில் வேகின்றன என்பது சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பண்ணைக் காடை விற்கத் தடையில்லை. அந்தப் பெயரில் புஞ்சைக் காடையையும் கவுதாரியையும் தட்டில் வைக்க எளிது. உரித்த பறவையில் அடையாளம் தெரியாது. ஆனால் பின்கட்டில் கிடக்கும் இறகிலும் காலிலும் தெரியும்.

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 2005 தொடக்கத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. அங்கே காவலர் இருந்தார்கள், பணம் இருந்தது. வேட்டைக்காரர்களைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தோலை வாங்கி விற்ற சன்சார் சந்த், பல வழக்குகள் இருந்தும் ஆண்டுக்கணக்கில் தொழிலை நடத்திக்கொண்டிருந்தார். 2005இல் டில்லியில் அவர் பிடிபட்ட பிறகுதான் வலையின் அளவே வெளியே தெரிந்தது. அந்த அதிர்ச்சியில்தான் 2006இல் சட்டம் திருத்தப்பட்டு, 2007இல் மத்திய வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு உருவானது. அதன் எல்லைப்புற அலகு ஒன்று நமக்குப் பக்கத்தில் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. இலங்கைக்குப் போகும் கடல் அட்டைதான் அந்தக் கடற்கரையின் பெரிய தலைவலி என்றாலும், மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் நால்வழிச் சாலை அருப்புக்கோட்டை வழியாகத்தான் ஓடுகிறது. அழுங்குச் செதிலும் நட்சத்திர ஆமையும் மூட்டையில் போனால் கனமே தெரியாது. வாகனச் சோதனையில் கஞ்சாவைத் தேடும் கண் இதையும் தேடினால் போதும். மயில், அழுங்கு, உடும்பு, நட்சத்திர ஆமை நான்கும் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி இவற்றை வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். அபராதம் கட்டிச் சமரசமாகப் போய்விட இதில் வழி இல்லை.

கடுமையான சட்டம் கையில் இருக்கும்போது அது யார் மேல் விழுகிறது என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். நம் வட்டாரத்துக்கு அதில் பழைய காயம் உண்டு. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் இந்தச் சீமையின் ஆண்கள் ராத்திரிக்கு ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுத்துக் கைரேகை வைத்த காலம் ஒன்று இருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்ததும் அந்தச் சட்டத்தின் பிடிவாதம்தான். 1947இல் சட்டம் போனது. ஆனால் திருட்டு என்றால் இன்ன தெரு, வேட்டை என்றால் இன்ன சாதி என்று எண்ணுகிற வழக்கம் சட்டத்தோடு முழுசாகப் போய்விடவில்லை. நரிக்குறவர் சமூகம் பல தலைமுறையாகப் பறவை பிடித்துப் பிழைத்தது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. மணி கோத்து விற்க பஸ் ஸ்டாண்டுக்கு வரும் பெண்ணின் பையைக் கொட்டிப் பார்ப்பது வன உயிர்ப் பாதுகாப்பு ஆகாது. காரில் வந்து பன்றிக் கறி வாங்கிப் போகிறவரை விட்டுவிட்டு அவர்களை மட்டும் பிடிப்பது அநியாயம்.

சட்டத்தின் பெயரால் எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் அந்த மலைக் கிராமத்துக்குள் நுழைந்தன. காக்க வேண்டியவர்களே ஊர் மக்கள் மேல் கொடுமை இழைத்தார்கள், வேலியே பயிரை மேய்ந்த கதை அது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. பழைய கணக்கைக் கிளற இதைச் சொல்லவில்லை. வாச்சாத்திக்குப் பிறகு மலைக்கிராமத்து மக்கள் வனத்துறைக்குத் தகவல் சொல்வார்களா என்று யோசித்துப் பாருங்கள். தகவல் இல்லாமல் வேட்டையைப் பிடிக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

உங்கள் நேரத்தில் பெரும்பங்கை இரண்டு விஷயங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று கம்பி, மற்றது விஷம். இரண்டும் முயல் வேட்டையைவிடப் பல மடங்கு கொடியவை. இரண்டிலும் மனிதர் சாவும் சேர்ந்தே இருக்கிறது.

பன்றிக்குக் கம்பி கட்டுவது எப்படி என்று பார்க்காதவர்கள் ஒருநாள் மக்காச்சோளப் புஞ்சைக்கு வந்து பாருங்கள். முழங்கால் உயரத்துக்கும் கீழே, குச்சி நட்டு, குச்சிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன் மேல் கட்டுக்கம்பியை இழுத்திருப்பார்கள். மோட்டார் ரூமிலிருந்து நேரடியாக ஒரு வயர். பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டு விடிந்ததும் அணைத்துவிடுவார்கள். விடியுமுன் தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்துப் புஞ்சைக்காரருக்கு அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. கிடைக்குப் போகிற கீதாரிக்கும் தெரியாது. இப்படிச் செத்தவரைத் தூக்கி வேறு புஞ்சையில் போட்டு, சந்தேக மரணமாகப் பதிவான வழக்குகளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் இப்படி ஒரு கம்பியில் அடுத்தடுத்துச் செத்தன. பக்கத்தில் இரண்டு குட்டிகள் தாயை விட்டுப் போக மறுத்து நின்ற படத்தை நாடே பார்த்தது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகள் கொண்டுவந்தது. ஆனால் அந்த விதிகள் காப்புக்காட்டை ஒட்டிய ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காட்டுக்கு அத்தனை தூரம் தள்ளியிருக்கும் நம் புஞ்சைகளில் வந்து கம்பியைத் தேட வனத்துறைக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. திருட்டு மின்சாரம் மின்சாரச் சட்டப்படி குற்றம், கம்பியில் ஆள் செத்தால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவே அது விசாரிக்கப்படலாம். இரண்டும் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற சட்டங்கள்தான். சோலார் வேலி கட்டினால் பன்றி அதிர்ந்து ஓடும், சாகாது, மனிதரும் சாக மாட்டார். அதற்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தந்திருக்கிறது என்பதே பல விவசாயிகளுக்குத் தெரியாது. கம்பியைப் பிடுங்கப் போகிற காவலர் அதையும் சொல்லிவிட்டு வந்தால், பிடுங்கிய கம்பி மறுநாள் திரும்ப ஏறாது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு கவலையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெடிமருந்து இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற பொருள். தீனிக்குள் வெடியைப் பொதித்துப் பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய், பன்றி எது, மாடு எது என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதைந்து ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை மறந்திருக்க மாட்டீர்கள்.

விஷத்துக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் மதுரை அருகே மருதங்குளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் அது செய்தியானது. எங்கள் பக்கம் இரண்டும் மூன்றுமாகச் சாகின்றன, செய்தி ஆவதில்லை. உளுந்து முளைவிடும் நேரம், நிலக்கடலை ஊன்றிய மறுவாரம், கம்பு பால்பிடிக்கும் சமயம் மூன்றிலும் மயில் புஞ்சையில் இறங்கும். கம்பையோ சோளத்தையோ குருணை மருந்தில் புரட்டி வரப்பில் தூவிவிட்டால், பொழுதுக்குள் மயில் சிறகு விரிந்தபடி குப்புறக் கிடக்கும். அதைத் தின்ற நாயும் செத்துக் கிடக்கும். அதைக் கொத்திய காக்கையும் கிடக்கும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு உங்களை அழைத்தால் முதல் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிவாகிவிடும். வழக்கமாக நடப்பது என்ன? தேசியப் பறவை என்ற மரியாதையில் உடலை அவசர அவசரமாக எடுத்துப் புதைத்துவிடுகிறார்கள். அதோடு சாட்சியமும் மண்ணுக்குள் போய்விடுகிறது. தொடுமுன் படம் எடுங்கள். வரப்பில் சிந்திக் கிடக்கும் தானியம் நிறம் மாறியிருக்கும், அதைக் கையுறை போட்டு அள்ளித் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். மோட்டார் ரூமிலும் வீட்டுத் திண்ணையிலும் மிச்சமிருக்கும் மருந்துப் பையைத் தேடுங்கள். கால்நடை மருத்துவரை வரவழைத்துப் பிரேதப் பரிசோதனை செய்து, இரைப்பையையும் ஈரலையும் கரையும் மட்டும் உப்புப் போட்ட தண்ணீரில் எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு முத்திரையோடு அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. செல்போன் இருந்தாலே போதும். மருந்துப் பையின் பெயரைப் படித்துப் பாருங்கள். போரேட் என்று இருந்தால், அதை விற்பதும் பயன்படுத்துவதும் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. எந்தக் கடையில் வாங்கியது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், வேளாண் அலுவலர் மூலம் அந்தக் கடையின் உரிமத்தையே அசைக்கலாம். ஒரு மயில் வழக்கில் ஒரு விவசாயியைப் பிடிப்பதைவிட, விஷம் விற்கும் கடையை மூடவைப்பதால் காப்பாற்றப்படும் உயிர்கள் அதிகம்.

இப்படிச் சொல்வதால் விவசாயியின் பக்கத்தை நான் மறக்கவில்லை. நானும் புஞ்சை வைத்திருப்பவன். கதிர் பிடித்த மக்காச்சோளத்தில் ஒரு ராத்திரி பன்றிக் கூட்டம் புகுந்தால் விடிந்ததும் ஆள் நுழைய முடியாமல் தட்டை எல்லாம் சாய்ந்து கிடக்கும். சேதத்தைப் பார்க்க வர வேண்டிய அலுவலகத்துக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் வருமுன் தட்டை காய்ந்து, மாடும் மேய்ந்துவிட்டது. சேதத்துக்கு அடையாளமே இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்குள் எழும் ஆத்திரம் என்ன என்று எனக்குத் தெரியும். கம்பி கட்டுகிறவனும் அந்த ஆத்திரத்தில்தான் கட்டுகிறான். 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் ஒரு ஏற்பாட்டை அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நம் வட்டாரத்தின் பெரும்பகுதி மூன்று கிலோமீட்டருக்கு வெளியேதான் இருக்கிறது. அப்படியானால் இந்த ஏற்பாடு யாரைவிடவும் நமக்குத்தான் பொருந்தும். ஆனால் விவசாயி தானே துப்பாக்கி எடுக்க அதில் அனுமதி இல்லை. வனத்துறையை வரவழைக்கத்தான் வேண்டும். சட்டப்படியான வழி எழுத்தில் இருந்து, அந்த வழியில் யாரும் வராவிட்டால், ஜனங்கள் கள்ளக் கம்பிக்குத்தான் போவார்கள். ஒரு கம்பி வழக்கைப் பதிவு செய்யும் அதே நாளில், அந்த ஊரில் பன்றிச் சேத மனு எத்தனை கிடப்பில் இருக்கிறது என்று நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வனச்சரகத்துக்குப் போகட்டும். விவசாயியின் கடிதத்துக்கு இல்லாத மதிப்பு நிலைய முத்திரைக்கு உண்டு.

வழக்கு நிற்பதற்கு ஒரு நடைமுறை முடிச்சை அவிழ்க்க வேண்டும். கைது செய்யவும் கைப்பற்றவும் உங்களுக்கு அதிகாரம் இருந்தாலும், நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டியவர் 55ஆம் பிரிவின்படி அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர்தான். நடைமுறையில் அது வனத்துறை. நிலையத்திலிருந்து வனச்சரகத்துக்குக் கைமாறும் அந்த இடைவெளியில்தான் பொட்டலம் தொலைகிறது, மகஜரில் தேதி இடிக்கிறது, சாட்சி பின்வாங்குகிறார். முதல் மணி நேரத்திலேயே வனச்சரக அலுவலரைத் தொலைபேசியில் இணைத்து, இரு துறையும் சேர்ந்து மகஜர் எழுதினால் இந்தச் சிக்கலில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். பொதுமக்களில் ஒருவரும் அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நேரடியாகப் புகார் தாக்கல் செய்யலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. துறைகள் இரண்டும் அசையாவிட்டால் அந்த வழியிலும் போக எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம்.

நம்மைப் போலவே வறண்ட, காடில்லாத சீமை ஒன்றில் நடந்த வழக்கைச் சொல்கிறேன். ஜோத்பூர் அருகே காங்கணி கிராமத்தில் 1998 அக்டோபரில் இரண்டு வெளிமான்கள் சுடப்பட்டன. துப்பாக்கிச் சத்தம் கேட்டு எழுந்து வண்டியைத் துரத்தியவர்கள் பிஷ்னோய் விவசாயிகள். முதல் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் துப்பாக்கிக் குண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. உடலைத் தோண்டி எடுத்து இரண்டாம் பரிசோதனை செய்யவேண்டி வந்தது. இருபது ஆண்டு இழுத்து, 2018 ஏப்ரல் 5 அன்று நடிகர் சல்மான் கானுக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை என்று தீர்ப்பானது. அவர் மேல்முறையீடு செய்தார். நாடறிந்த நடிகர் எதிரே நின்றும், அந்தக் கிராமத்துச் சாட்சிகள் இருபது ஆண்டும் பின்வாங்கவில்லை. நம் ஊரில் அப்படிப்பட்ட ஜனங்கள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிப் பக்கம் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்கள் இருக்கின்றன. எந்தக் காவலரும் போய் அங்கே தடை போட்டதில்லை.

உங்களுக்குக் கண்ணும் காதுமாக இருக்கக்கூடியவர்கள் யார் என்று கேட்டால் இரண்டு கூட்டத்தாரைச் சொல்வேன். ஒன்று, கிடை போடும் கீதாரிகள். ஆட்டோடு ஆடாகப் புஞ்சையிலேயே படுக்கிறவர்கள். எந்த வரப்பில் வெளிச்சம் ஓடியது, எந்தப் பக்கம் நாய் குரைத்தது, எந்த மோட்டார் ரூமிலிருந்து வயர் போகிறது என்பது விடியுமுன் அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கரிமூட்டம் போடுகிறவர்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி மண்பூசித் தீ வைத்தால், ஊதாமலும் அணையாமலும் பார்த்துக்கொள்ள ராத்திரி முழுக்க மூட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டும். ஊரே தூங்கும்போது விழித்திருப்பவர்கள் இவர்கள்தான். ஆனால் இருவருமே காவல் நிலையத்தைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். சாட்சி சொல்லப் போய்த் தாங்களே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். வேட்டை வழக்கில் துப்புக் கொடுத்தவருக்கு அபராதத் தொகையில் பாதி வரை வெகுமதியாகக் கொடுக்க நீதிமன்றத்துக்கு 60ஏ பிரிவு அதிகாரம் தருகிறது. அப்படி ஒரு ரூபாய் கைக்கு வந்த கீதாரியை நான் பார்த்ததில்லை. முதலில் ஒருவருக்கு வாங்கிக் கொடுங்கள், பெயரை வெளியே விடாமல் கொடுங்கள். அடுத்த தகவல் தானாக வரும்.

புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் மழை பார்த்து மக்காச்சோளம் ஊன்றுவோம். கதிர் பிடிக்கத் தொடங்கியதும்தான் கம்பியும் விஷமும் புஞ்சைக்கு வரும். அதற்கு முன்னால், கார்த்திகை பிறப்பதற்குள், ஒரு பொழுதை இதற்காக ஒதுக்குங்கள். உங்கள் எல்லைக்குட்பட்ட மின்வாரியப் பொறியாளர், வனவர், வேளாண் அலுவலர், கிராம நிர்வாக அலுவலர்கள், ஊராட்சித் தலைவர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவையுங்கள். எந்தக் கண்மாய்க் கரையில் பன்றி அடைகிறது, எந்த ஊரில் சென்ற ஆண்டு கம்பி ஏறியது, சேத மனுவைப் பார்க்க யார் எத்தனை நாளில் வருவார், செத்த மயிலை யார் எந்த மருத்துவரிடம் கொண்டுபோவார் என்று ஒரு தாளில் எழுதி நிலையச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் பக்கத்துக் கீதாரிகளையும் கரிமூட்டக்காரர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துவருவது என் பொறுப்பு. தேதியை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் விவசாயி